காப்பார் வீட்டின் கஷ்டக் கணக்கு: வேலையின்மையும் விலைவாசியும்

2020 மே மாதத்தில் மலேசியாவில் வேலையில்லாமல் இருந்தவர்கள் 8 இலட்சத்து 26 ஆயிரம் பேர். விகிதம் 5.3 விழுக்காடு, முப்பது ஆண்டுகளில் நாடு பார்க்காத உயரம். அதே மாதத்தில் பயனீட்டாளர் விலைக் குறியீடு முந்தைய ஆண்டின் மே மாதத்தைவிட 2.9 விழுக்காடு இறங்கியிருந்தது. இரண்டையும் கூட்டினால் வருவது 2.4.

கொரோனாவே இல்லாத 2019-க்கு இதே கணக்கைப் போட்டால், வேலையின்மை 3.3, விலையேற்றம் 0.7, ஆக மொத்தம் 4.0. அதாவது கடையெல்லாம் பூட்டி, கம்பெனி வேன்கள் ஓடாமல் நின்று, தினக்கூலிக்காரர்கள் அரிசிப் பைக்காகக் காத்திருந்த மாதத்தில் மலேசியர்கள் முந்தைய ஆண்டைவிடச் சுகமாக இருந்தார்கள் என்று அந்த எண் சொல்கிறது. கிள்ளான் பக்கம் காப்பாரிலோ மேருவிலோ ஒரு காப்பிக் கடையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள்.

இப்படி உளறக்கூடிய எண்ணை ஏன் கற்றுக்கொள்ள வேண்டும்? அது எங்கே உளறுகிறது, ஏன் உளறுகிறது என்று தெரிந்துகொண்டால், ஒரு வீட்டின் கஷ்டத்தை அளக்கும் சரியான கணக்கு கைக்கு வந்துவிடும் என்பதற்காகத்தான். இந்த அத்தியாயம் அந்த வழியில் போகிறது: முதலில் உலகம் போடும் கணக்கு, பிறகு அதன் ஓட்டைகள், கடைசியில் வீட்டு நோட்டுப் புத்தகத்தில் போடக்கூடிய கணக்கு.

கணக்கின் தகப்பனார் ஆர்தர் ஒக்குன் என்ற அமெரிக்கப் பொருளியலாளர். அதிபர் லிண்டன் ஜான்சனின் பொருளாதார ஆலோசகர் குழுவுக்குத் தலைவராக இருந்தவர். 1970-களில் அமெரிக்காவை வேலையின்மையும் விலையேற்றமும் ஒரே நேரத்தில் தாக்கியபோது, பொருளாதாரம் மக்களை எவ்வளவு நெருக்குகிறது என்பதைச் சட்டென்று காட்ட, இரண்டு விழுக்காடுகளையும் அப்படியே கூட்டிவிடலாம் என்றார். அவ்வளவுதான் சூத்திரம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடலாம். அந்த எளிமைதான் அதை அரசியல் மேடைக்கு இழுத்துச் சென்றது. 1976 தேர்தலில் ஜிம்மி கார்ட்டர் அதை ஜெரால்ட் ஃபோர்டுக்கு எதிராக வீசினார். நான்கு ஆண்டுகள் கழித்து ரொனால்ட் ரீகன் அதே எண்ணை எடுத்துக் கார்ட்டர் மீதே வீசினார். அப்போது அது 20-ஐத் தாண்டியிருந்தது. துயரக் குறியீடு என்ற பெயர் நிலைத்தது இந்தச் சண்டையில்தான்.

பின்னால் வந்தவர்கள் அதில் மேலும் சில சாமான்களைப் போட்டார்கள். ஸ்டீவ் ஹாங்கி என்ற பொருளியலாளர் வங்கிக் கடன் வட்டியையும் சேர்த்து, வருமான வளர்ச்சியைக் கழித்து, ஆண்டுதோறும் நாடுகளை வரிசைப்படுத்துகிறார். 2022 பட்டியலில் மிகத் துயரமான நாடாக ஜிம்பாப்வேயும், துயரம் மிகக் குறைந்த நாடாக சுவிட்சர்லாந்தும் இருந்தன. மலேசியா இத்தகைய பட்டியல்களில் பொதுவாகத் துயரம் குறைந்த பக்கத்திலேயே இருக்கும். பெருமைப்படலாம். ஆனால் அந்தப் பெருமையை வைத்துக் கிள்ளான் பாசாரில் ஒரு கட்டு முருங்கைக்கீரைகூட வாங்க முடியாது.

மலேசியாவின் சில ஆண்டுகளுக்கு ஒக்குனின் கூட்டலைப் போட்டுப் பார்ப்பது நல்ல பயிற்சி. 1986-இல் ஈயம், ரப்பர், செம்பனை எல்லாம் விலை விழுந்த நேரத்தில் வேலையின்மை 8.3, விலையேற்றம் 0.7, கூட்டினால் 9. ஆசிய நிதி நெருக்கடியின் 1998-இல் வேலையின்மை 3.2, விலையேற்றம் 5.3, கூட்டினால் 8.5. பெட்ரோல் விலையை ஜூன் மாதம் ஒரே இரவில் லிட்டர் 1.92 ரிங்கிட்டிலிருந்து 2.70-க்கு ஏற்றிய 2008-இல் வேலையின்மை 3.3, விலையேற்றம் 5.4, கூட்டினால் 8.7. மூன்று ஆண்டுகளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் நிற்கின்றன. ஆனால் 1986-இல் அடி வாங்கியவர் வேலை தேடி அலைந்த இளைஞர். 2008-இல் அடி வாங்கியவர் வேலையில் இருந்துகொண்டே மோட்டாருக்கு எண்ணெய் போட யோசித்தவர். 1998-இல் நாட்டின் உற்பத்தியே 7.4 விழுக்காடு சுருங்கியது. அந்தப் பெரிய விழுக்காடு கூட்டலில் எங்குமே தலைகாட்டவில்லை. ஒரே மதிப்பெண் வாங்கிய மூன்று மாணவர்கள் மூன்று வெவ்வேறு பாடங்களில் தோற்றிருக்கிறார்கள்.

எனவே கூட்டலை ஒருபோதும் தனியாகப் படிக்கக் கூடாது. இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, எது ஏறியது என்று முதலில் பார்க்க வேண்டும். அவை சமமான வலியும் அல்ல. டி டெல்லா, மெக்கலக், ஓஸ்வால்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சக்கணக்கானவர்களின் மனநிறைவுப் பதில்களை அலசி 2001-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேலையின்மை ஒரு விழுக்காடு ஏறுவது, விலையேற்ற விகிதம் 1.7 விழுக்காடு கூடுவதற்குச் சமமான மனவருத்தம் தருகிறது என்பது அவர்கள் கண்டது. வேலை போனவர் இருக்கும் வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

இனி ஓட்டைகள். வேலையின்மை எண்ணிலிருந்து தொடங்கலாம்.

புத்ராஜெயாவில் இருக்கும் மலேசியப் புள்ளிவிவரத் துறை மாதந்தோறும் மாதிரி வீடுகளில் தொழிலாளர் கணக்கெடுப்பு நடத்துகிறது. 15 வயது முதல் 64 வரையுள்ளவர்களிடம், குறிப்பிட்ட வாரத்தில் சம்பளத்துக்காகவோ இலாபத்துக்காகவோ ஒரு மணி நேரமாவது வேலை செய்தாரா என்று கேட்கிறார்கள். செய்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர். இது மலேசியா கண்டுபிடித்த தந்திரம் அல்ல. அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் விதி, உலகெங்கும் இதுதான். ஆனால் விளைவைக் கவனிக்க வேண்டும். கம்பெனியில் வாரம் ஆறு நாள் வேலையும் ஓ.டி.யும் பார்த்தவர், இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாசார் மாலாமில் மச்சான் கடைக்கு உதவி செய்து ஐம்பது வெள்ளி வாங்கினால், கணக்கில் அவர் வேலையில்தான் இருக்கிறார். மோட்டாரில் உணவு கொண்டுபோகும் பையன் காலையிலிருந்து மூன்று ஆர்டர் மட்டும் கிடைத்து வீடு திரும்பினாலும் அவனும் வேலையில்தான். 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்த மாதங்களில் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் உட்கார்ந்திருந்த பெருங்கூட்டம், தற்காலிகமாக வேலைக்குப் போகாதவர்கள் என்ற தலைப்பில் வேலையில் இருப்போர் பக்கமே எழுதப்பட்டது. திரும்பிப் போக ஒரு வேலை இருந்ததால் விதிப்படி அது சரி.

அதே கணக்கெடுப்பு தனியார் குடியிருப்புகளுக்கு மட்டுமே போகிறது. தொழிலாளர் விடுதி, கட்டுமானத் தளத்துக் கொங்சி எல்லாம் வட்டத்துக்கு வெளியே. காப்பார், மேரு, புக்கிட் ராஜா வட்டாரங்களைத் தெரிந்தவர்களுக்கு இது சிறிய விடுபடல் இல்லை. 2020 நவம்பரில் மேருவில் டாப் குளோவ் கையுறை நிறுவனத் தொழிலாளர்களின் தங்கும் விடுதிகளை மையமாக வைத்து வெடித்த ‘தெராத்தாய்’ தொற்றுத் தொகுதி, ஒரே நிறுவனத்தின் விடுதிகளில் எத்தனை ஆயிரம் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பதை நாட்டுக்குக் காட்டியது. பிறகு கையுறைச் சந்தை சரிந்தபோது குறைக்கப்பட்டவர்கள் வேலையின்மைக் கணக்கில் பெரிதாகத் தெரியவில்லை. அவர்கள் நாடு திரும்பிவிட்டால் எந்தக் கணக்கிலும் இல்லை.

வேலையில்லாதவரை நாடு கடத்தி வேலையின்மையைக் குறைப்பது இந்த மண்ணுக்குப் பழைய பழக்கம். அதைத் தமிழர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இல்லை. 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கியவரின் பசி மலாயாவின் எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை. 1998 நெருக்கடியிலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பெருமளவில் அனுப்பப்பட்டார்கள், இம்முறை பெரும்பாலும் இந்தோனேசியர்கள். அந்த ஆண்டின் வேலையின்மை 3.2-இல் அடங்கி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் இருந்தவர்களுக்கும் எண் முழுக்கதையைச் சொன்னதில்லை. அக்காலத்தில் இந்தியத் தொழிலாளரின் தரக்கூலியை முடிவு செய்தது ஒரு குடும்பச் செலவுக் கணக்குதான்: எத்தனை படி அரிசி, எவ்வளவு பருப்பு, எண்ணெய், மிளகாய், துணி என்று அதிகாரிகள் பட்டியல் போட்டு, அதற்கு ஈடாக ஒரு நாட்கூலியை நிர்ணயித்தார்கள். ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது பலகாலம் நின்ற அளவு. மந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டுப் பிறகு மெல்ல மீண்டது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் ரப்பருக்கு நல்ல விலை, சாமானுக்கும் ஏறிய விலை, கூலி மட்டும் நின்ற இடத்தில். 1941-இல் கிள்ளான் மாவட்டத் தோட்டங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம். தலைவர்களில் முக்கியமானவர் தமிழ் நேசன் பத்திரிகையில் பணியாற்றிய ஆர். எச். நாதன். மே மாதம் அவர் கைதாகிப் பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டு இராணுவம் வரவழைக்கப்பட்டது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்தத் தொழிலாளர்களின் கோரிக்கைப் பட்டியலைப் படிப்பது, கஷ்டத்தை அளக்க நினைக்கும் எவருக்கும் நல்லது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி முதலில் வருகிறது. அதோடு தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்குப் பள்ளி கொடு, சரியான மருத்துவம் கொடு, துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்றெல்லாம் இருக்கிறது. அன்று கிள்ளானில் வேலையின்மை ஏறக்குறைய பூஜ்யம். கப்பலேறாமல் மிஞ்சிய எல்லோருக்கும் வேலை இருந்தது. ஒக்குனின் கூட்டலில் அவர்களுக்கு விலையேற்றத்துக்கு மட்டும் சில மதிப்பெண்கள் கிடைத்திருக்கும். சைக்கிளுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது.

விலையேற்றத்தின் பக்கம் திரும்பினால், அங்கே ஓட்டைகள் வேறு விதம்.

பயனீட்டாளர் விலைக் குறியீடு நாட்டின் சராசரிக் குடும்பத்துக்கான ஒரு கூடை. அதில் உணவும் மதுவல்லாத பானங்களும் ஏறக்குறைய 30 விழுக்காடு; வீடு, தண்ணீர், மின்சாரம், எரிவாயு சேர்ந்து 23 விழுக்காடு அளவில்; மீதி போக்குவரத்து, தொலைத்தொடர்பு, உடை, பொழுதுபோக்கு என்று பிரிகிறது. வருமானம் குறையக் குறைய வீட்டுச் செலவில் சாப்பாட்டின் பங்கு வளரும். 2020-இல் குறியீடு இறங்கியதற்கு மிகப் பெரிய காரணம் பெட்ரோல். ரோன் 95 அந்த ஏப்ரலில் லிட்டர் 1.25 ரிங்கிட்டுக்குக் கிடைத்தது. வெளியே போக அனுமதியில்லாத மாதத்தில்! அதோடு மின்கட்டணத் தள்ளுபடி. கூடை மலிந்தது, ஆனால் மலிந்த சாமானை யாரும் வாங்க முடியவில்லை. சாப்பாட்டுச் சாமான் மலியவில்லை.

மறுஆண்டு ஏப்ரலில் விலையேற்றம் திடீரென்று 4.7 விழுக்காடு என்று செய்தி வந்தது. பெட்ரோல் 1.25-இலிருந்து அரசு உச்சவரம்பிட்ட 2.05-க்குத் திரும்பியிருந்தது, ஒப்பிடும் ஆண்டு பள்ளத்தில் இருந்ததால் ஏற்றம் மலையாகத் தெரிந்தது. புள்ளிவிவரக்காரர்கள் இதை அடித்தள விளைவு என்பார்கள். விழுக்காட்டைப் பார்க்கும்போதெல்லாம் ‘எதைவிட?’ என்று கேட்டுக்கொள்வது நல்ல வழக்கம். 2021 முழுவதற்கும் வேலையின்மை 4.6, விலையேற்றம் 2.5, கூட்டல் 7-ஐத் தாண்டியது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில்தான் வீட்டில் சாப்பாடு இல்லாதவர்கள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டும் இயக்கம் பரவியது. அந்த ஒரு முறை எண்ணும் வாசலும் ஒரே பக்கம் நின்றன என்று சொல்லலாம்.

இன்னொரு குழப்பம்: விலையேற்றம் குறைந்துவிட்டது என்றால் விலை குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. 2022-இல் 3.3, 2023-இல் 2.5, 2024-இல் 1.8 என்று செய்திகள் அழகாக இறங்குகின்றன. ஆனால் 2021-இல் 100 ரிங்கிட்டுக்கு வாங்கிய சாமான் 2024-இல் ஏறக்குறைய 108. உணவை மட்டும் எடுத்தால் 5.8, 4.8, 2.0 என்று அடுக்கி ஏறி 113. குறைந்தபட்சச் சம்பளமோ 2022 மே முதல் 2025 ஜனவரி வரை 1,500 ரிங்கிட்டிலேயே நின்றது. 1,700 ஆனது 2025 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் அந்த 1,500 எத்தனை முறை சுருங்கியது என்பதைச் சம்பள ரசீது காட்டாது.

சராசரிக் கூடைக்கும் தமிழ் வீட்டுக் கூடைக்கும் உள்ள தூரம் 2023-இல் நன்றாகத் தெரிந்தது. ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கலரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன்னுக்கு 2,350 ரிங்கிட்டிலிருந்து 3,200-க்கு ஏற்றியது. எல்லோரும் உள்ளூர் அரிசிக்குப் பாய்ந்ததில் 10 கிலோ 26 ரிங்கிட் என்று கட்டுப்படுத்தப்பட்ட பை அலமாரிகளிலிருந்து மறைந்தது. டிசம்பரில் இந்தியா வெங்காயத்தையும் நிறுத்தியது. பொன்னியும் வெங்காயமும் இல்லாமல் ஒரு நாள் ஓடாத வீட்டுக்கு இவையெல்லாம் வரிசையாக வந்த அடி. அந்தச் செப்டம்பரின் அதிகாரப்பூர்வ விலையேற்றம் 1.9 விழுக்காடு. அது பொய்யல்ல, அந்தக் கூடையில் கைப்பேசிக் கட்டணமும் சட்டையும் இருக்கின்றன, அவ்வளவுதான்.

அளவுகோலையே மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் மலேசியாவில் ஓர் உதாரணம் உண்டு. 2019 ஆகஸ்டில் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புப் பிரதிநிதி பிலிப் ஆல்ஸ்டன் வந்து, மாதம் 980 ரிங்கிட் என்ற வறுமைக்கோடு நடப்புக்குப் பொருந்தாதது என்று வெளிப்படையாகச் சொன்னார். அரசு முதலில் கோபப்பட்டது. மறுஆண்டு கோடு 2,208 ரிங்கிட்டுக்கு உயர்த்தப்பட்டது. 0.4 விழுக்காடாக இருந்த வறுமை, அதே 2019-க்கு, 5.6 விழுக்காடு ஆனது. ஒருவரின் சட்டைப்பையிலிருந்தும் ஒரு காசு குறையாமல் நான்கு இலட்சம் குடும்பங்கள் ஏழைகளாயின. உண்மையில் அவர்கள் முன்பே ஏழைகள்தான்.

இப்போது வீட்டுக் கணக்கு. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர் போகும் ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையோரம், அனல்மின் நிலையப் புகைக்கூண்டுகள் தெரியும் ஒரு தாமானில் வாடகைக்கு இருக்கும் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கணவர் கம்பெனியில் இயந்திர ஆபரேட்டர், மனைவி பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள். நோட்டில் முதலில் எழுத வேண்டியது கைக்கு வந்த வருமானம். வேலை இருக்கிறதா இல்லையா என்பதல்ல. போன ஆண்டு இதே மாதம் கணவருக்கு ஓ.டி.யோடு 2,600, மனைவிக்கு 1,200, மொத்தம் 3,800. இந்த ஆண்டு ஆர்டர் குறைந்து ஓ.டி. வெட்டப்பட்டது, கணவருக்கு 1,900, மனைவிக்கு அதே 1,200, மொத்தம் 3,100. குறைந்தது 700, போன ஆண்டு வருமானத்தில் 18.4 விழுக்காடு. புள்ளிவிவரத் துறை கேட்டால் இந்த வீட்டில் வேலையில்லாதவர் ஒருவரும் இல்லை.

அடுத்தது தவிர்க்க முடியாத செலவு. கோவில், கல்யாண மொய், தீபாவளித் துணி எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். செலுத்தாவிட்டால் வீடு நின்றுபோகும் இனங்கள் மட்டும். வாடகை 700, மோட்டார் தவணை 250, பெட்ரோல் 200, இவை மூன்றும் இரண்டு ஆண்டும் ஒன்றே. சாப்பாட்டுச் சாமான் 1,000 இருந்தது 1,110 ஆகிவிட்டது. மின்சாரம், தண்ணீர், கைப்பேசி 200 இருந்தது 210. பள்ளி வேன் 150 இருந்தது 180. மொத்தம் 2,500 இருந்தது 2,650. ஏற்றம் 6 விழுக்காடு.

கவனிக்க: சாப்பாடு 11 விழுக்காடு ஏறியிருக்கிறது. வாடகையும் தவணையும் அசையாமல் நிற்பதால் மொத்தத்தில் அது 6-ஆக மறைந்துவிட்டது. அதனால் சாப்பாட்டு வரியை எப்போதும் தனியாகவும் எழுதி வைக்க வேண்டும். ஒரே கடை, ஒரே அளவு, ஒரே ரகம் என்று வைத்தால்தான் ஒப்பீடு நிற்கும். பொன்னியை விட்டு வேறு அரிசிக்கு மாறி ‘செலவு ஏறவில்லை’ என்று எழுதினால், ஏறியதை நாக்கு கட்டிவிட்டது என்று பொருள். உள்நாட்டு வணிக அமைச்சின் பிரைஸ் கேட்சர் செயலியில் கடைவாரியாக விலைகள் கிடைக்கும். பழைய ரசீது தொலைந்தவர்களுக்கு உதவும்.

ஒக்குன் வழியில் கூட்டினால் 18.4-உம் 6-உம் சேர்ந்து 24.4. நாட்டின் எண் 5-ஐச் சுற்றியிருக்கும் ஓர் ஆண்டில் இந்த வீட்டின் எண் அதைப்போல ஐந்து மடங்கு. இரண்டும் ஒரே முறையில் போட்டவை அல்ல என்பதால் நேராகத் தூக்கி ஒப்பிடக் கூடாது. நாட்டு எண் வேலையில்லாத ஆட்களை எண்ணுகிறது, வீட்டு எண் தொலைந்த வெள்ளியை எண்ணுகிறது. வீட்டு எண்ணை அதே வீட்டின் போன மாத எண்ணோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் தொடர்ந்து ஏறினால் அது தற்செயல் அல்ல. கூட்டலைவிடக் கழித்தல் இன்னும் தெளிவாகப் பேசும்: போன ஆண்டு 3,800-இல் 2,500 போக மிச்சம் 1,300, இந்த ஆண்டு 3,100-இல் 2,650 போக 450. ஒரு பல் பிடுங்கவும் மோட்டார் டயர் மாற்றவும் அந்த மாதம் முடிந்துவிடும்.

கடைசி வரி, கையிருப்பு. நாட்டின் கணக்கில் இது இல்லவே இல்லை. 2020 முதல் 2022 வரை ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா, சிறப்பு மீட்பு என்று நான்கு முறை ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப். திறந்துவிடப்பட்டு, மக்கள் எடுத்த மொத்தம் 145 பில்லியன் ரிங்கிட். விலைக்குறியீடும் வேலையின்மையும் பார்த்தவர்களுக்குத் தெரியாத துயரம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பத்தைந்து வயதுக்கு வைத்திருந்ததை முப்பத்தைந்தில் சாப்பிட்டார்கள். 2021 டிசம்பர் வெள்ளம் இன்னொரு பாடம். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளான் வட்டாரத்திலும் துணி துவைக்கும் இயந்திரம், மெத்தை, பாடப்புத்தகம் எல்லாம் ஒரே இரவில் போயின. நாடு முழுவதும் இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று அரசே பின்னர் மதிப்பிட்டது. அது எந்த மாத விழுக்காட்டிலும் ஏறவில்லை.

இதை அளக்க எளிய வழி, தாங்கும் நாள். கையிலும் வங்கியிலும் உள்ள பணம் 1,800 என்றால், மாதம் 2,650 செலவாகும் வீட்டுக்கு அது ஏறக்குறைய 20 நாள். அடகுக்கடையில் உள்ள தாலிக்கொடியை இதில் சேர்க்கக் கூடாது. அது ஏற்கெனவே செலவழிந்த பணம். கூட்டுச் சீட்டில் இன்னும் எடுக்காத முறையையும் சேர்க்காமல் விடுவதே நல்லது; 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டுப் பிடிப்பதே குற்றம், பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்க இடமில்லை. சட்டவிரோத வட்டிக்காரரான ஆலோங்கிடம் வாங்கியது இருந்தால் அதன் வாரத் தவணை செலவுப் பட்டியலின் முதல் வரியில் வர வேண்டும், வெட்கப்பட்டு மறைத்தால் கணக்கு முழுக்கப் பொய்யாகிவிடும். அரசு தரும் எஸ்.டி.ஆர்., மைகார்டு வழியாக வரும் சாரா உதவி ஆகியவற்றை வருமானத்தில் எழுதலாம், ஆனால் வரும் மாதத்தில் மட்டும். பன்னிரண்டாக வகுத்துப் பரப்பினால் வராத மாதத்தின் பள்ளம் தெரியாது.

புள்ளிவிவரத் துறையின் வேலையின்மை எண் மாதத்தின் இரண்டாம் வார வாக்கிலும், விலைக்குறியீடு மூன்றாம் வாரத்தை ஒட்டியும் வெளிவரும். இரண்டும் ஓப்பன்டோசம் தளத்தில் இலவசம். 3,000 ரிங்கிட்டுக்குக் கீழ் வருமானமுள்ள குடும்பங்களுக்கென்று தனி விலைக்குறியீடும் உண்டு. செய்தித்தாள் தலைப்பைவிட அதைப் பார்ப்பது பொருத்தம். அதே துறையின் தொழிலாளர் அறிக்கைகளில், வாரம் 30 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை செய்து மேலும் வேலை தேடுவோர் எத்தனை பேர் என்ற வரி இருக்கும். படிப்புக்குக் குறைந்த வேலையில் இருப்போர் என்ற வரியும் இருக்கும். பட்டம், டிப்ளோமா வைத்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அதில் வருகிறார்கள். மகளோ மகனோ பட்டம் வாங்கிவிட்டுக் கடையில் பில் போடும் வீடுகளுக்கு அது சொந்தக் கதை.

வீட்டு எண் உண்மையாகவே பாய்ந்து ஏறும் நாள், வேலை போகும் நாள்தான். சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைவாய்ப்புக் காப்புறுதி 2018 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. சம்பள ரசீதில் மாதாமாதம் 0.2 விழுக்காடு பிடிக்கப்படுகிறது. வேலை இழந்தவருக்கு, சந்தா நிபந்தனை நிறைவேறியிருந்தால், முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 விழுக்காடும், இரண்டாம் மாதத்தில் 50 விழுக்காடும், பிறகு இறங்குமுகமாகவும் கிடைக்கும். மேலே சொன்ன வீட்டில் 20 நாளாக இருந்த தாங்கும் நாளை இது சில மாதங்களாக நீட்டும். வேலை இழந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடைக்காது. ஆகவே ‘சும்மா ஒரு ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு, மற்றதைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று எச்.ஆர். மேசையில் தாளை நீட்டினால், கையெழுத்துக்கு முன் ஆட்குறைப்புக் கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும். மோட்டாரில் உணவு கொண்டுபோகும் சுயதொழிலருக்கு இந்தக் காப்புறுதி இல்லாததால், அவர் வீட்டு நோட்டில் தாங்கும் நாள் வரியை மாதத்துக்கு ஒரு முறைக்குப் பதில் வாரத்துக்கு ஒரு முறை எழுதுவது உசிதம்.